வரப்போரம்: வாசகர் கேள்விகளும் ஒரு பழைய மண்காப்புக்காரரின் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கண்மாய், குட்டை, வரப்பு என்றே இருந்தன. மழைக்கு முன்னால் இப்படித்தான் வரும். நான் வேளாண் பொறியியல் துறையில் 31 வருடம் மண் காப்பு வேலை பார்த்தவன். இப்போது மானாமதுரைப் பக்கம் எனக்கும் நாலு ஏக்கர் இருக்கிறது. அதனால் சில பதில்கள் அதிகாரி சொல்வது போலவும், சில பதில்கள் அதிகாரியிடம் மனுவோடு நின்றவன் சொல்வது போலவும் இருக்கும். கேட்டவர்களின் பெயரைப் போடாமல் ஊர்ப்பக்கத்தை மட்டும் போட்டிருக்கிறேன். நாளைக்கும் அதே ஊராட்சி அலுவலகத்துக்குத்தானே நீங்கள் போக வேண்டும்.

எங்கள் கண்மாயை மூன்று வருடத்துக்கு முன் தூர்வாரினார்கள். ஜேசிபி வைத்து நன்றாகவே ஆழப்படுத்தினார்கள். ஆனால் கண்மாய் நிறைவதே இல்லை. வருகிற தண்ணீரும் ஒரு மாதத்தில் காணாமல் போகிறது. இத்தனைக்கும் மழையில் குறையில்லை. மறுபடி தூர்வாரச் சொல்லி மனுக் கொடுக்கலாமா? (சிவகங்கை மாவட்ட வாசகர்)

கொடுக்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த நல்ல மழையன்று குடையை எடுத்துக்கொண்டு வரத்துக்காலில், அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்காலில், நடங்கள். கண்மாயிலிருந்து கிளம்பி மேட்டை நோக்கி, தண்ணீர் எங்கே நின்றுபோகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள். வெயில் நாளில் போனால் ஒன்றும் தெரியாது. எல்லா வாய்க்காலும் நல்ல வாய்க்காலாகவே தெரியும்.

நான் வேலையில் இருந்தபோது இதே மாதிரி ஒரு ஊரில் கூப்பிட்டார்கள். "கண்மாயை ஆழப்படுத்தணும் சார்" என்றார்கள். அந்த ஊர் நீர்பாய்ச்சி ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும். "ஆழமெல்லாம் கெடக்கட்டும், வாங்க" என்று மூன்று கிலோமீட்டர் நடக்க வைத்தார். வழியில் ஒரு இடத்தில் செங்கல் சூளைக்காரர் வாய்க்காலில் மண் கொட்டியிருந்தார். ஒரு இடத்தில் அரைப் பர்லாங் தூரத்துக்கு வாய்க்காலையும் சேர்த்து உழுது சோளம் போட்டிருந்தார்கள். ஆனால் உண்மையான குற்றவாளி அதற்கு மேலே இருந்தது. புதிதாக ஒரு சாலை போட்டிருந்தார்கள். சாலைக்கு அடியில் தண்ணீர் போக வைத்த குழாய், வாய்க்கால் தரையைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. ஒன்றரை அடி தேங்கினால்தான் ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகும். அது தேங்குவதற்குள் தண்ணீர் பக்கத்து ஓடையில் இறங்கிவிடும். குழாயைத் தோண்டி எடுத்துக் கீழே பதித்தார்கள். அந்த வருடமே கண்மாய் நிறைந்து கலுங்கு (மிச்சத் தண்ணீர் வழிகிற இடம்) பாய்ந்தது. அந்தக் கண்மாயில் ஒரு கூடை மண்கூட நாங்கள் அள்ளவில்லை.

ஆக, வரத்துதான் முதல் சந்தேகம். உங்கள் கடிதத்தில் இரண்டாவதாக ஒன்று இருக்கிறது: வந்த தண்ணீரும் ஒரு மாதத்தில் போய்விடுகிறது என்கிறீர்கள். இது "நன்றாக ஆழப்படுத்தியதால்" வந்த வினையாக இருக்கலாம். கண்மாயின் அடியில் பல தலைமுறையாகப் படிந்த களிமண் படுகை இருக்கும். தண்ணீரைப் பிடித்து வைப்பதே அதுதான். இயந்திரம் அதைக் கிழித்துக்கொண்டு கீழே இருக்கிற சரளையையோ மணலையோ தொட்டுவிட்டால், கண்மாய் சல்லடை ஆகிவிடும். அப்புறம் இன்னொரு விஷயம்: மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் மடை வழியே வயலுக்குப் போகாது. மாடு குடிக்கும், மீன் வளரும், நெல்லுக்கு உதவாது. தூர் வாருவது என்றால் மடை மட்டத்துக்கு மேலே மேடிட்டதை எடுப்பதுதான். எங்கே பள்ளம் தோண்டினால் மண் நல்ல விலைக்குப் போகும் என்று பார்ப்பதற்குப் பெயர் வேறு.

ஆனால் ஒன்று பாருங்கள். கண்மாய்க்குக் கீழே இருக்கிற கிணறுகளில் மட்டம் முன்பைவிட ஏறியிருக்கிறதா? ஏறியிருந்தால் தண்ணீர் எங்கேயும் ஓடிப்போகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கிணறு வைத்திருப்பவருக்கு லாபம். மடைத் தண்ணீரை மட்டும் நம்பியவருக்கு நஷ்டம். அது ஊர்ப் பஞ்சாயத்தில் பேச வேண்டிய கணக்கு.

யாரிடம் போவது? ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாய்கிற நிலம், 100 ஏக்கருக்குள் என்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்துக் கண்மாய். அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. பல ஊர்களில் இது தெரியாமலே இரண்டு அலுவலகத்துக்கும் மாறி மாறி நடக்கிறார்கள். வரத்துக்கால் கிராம வரைபடத்தில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். அதில் இருக்கிற அகலமும் தரையில் இருக்கிற அகலமும் ஒன்றா என்று சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லி மனு எழுதுங்கள். "தூர்வார வேண்டும்" என்ற மனுவைவிட "இன்ன புல எண்ணில் வரத்துக்கால் அடைபட்டிருக்கிறது" என்ற மனுவுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கடினம்.

மேல் கண்மாயையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலி. மேலே இருப்பது நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் உங்களுக்கு. அங்கே யாராவது கலுங்கின் மேல் ஒரு சாண் சிமெண்டு பூசி உயர்த்தியிருந்தால், உங்கள் ஊரில் எத்தனை ஜேசிபி ஓடினாலும் பயனில்லை.

கண்மாய் வண்டலை வயலுக்கு அள்ளலாமா? இலவசம் என்கிறார்கள், ஆனால் டிராக்டரைப் பிடித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது. (விருதுநகர் மாவட்ட வாசகர்)

இலவசம்தான். அனுமதி இல்லாமல் அள்ளினால் பிடிப்பார்கள், அதுவும் சரிதான். 2024-ல் விதியைத் தளர்த்தியபின் வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம். மாவட்ட அரசிதழில் அறிவித்த நீர்நிலையாக இருக்க வேண்டும். நஞ்சை என்றால் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை என்றால் 90. மண்பாண்டம் செய்கிறவர்களுக்கு 60 கன மீட்டர்.

75 கன மீட்டர் என்றவுடன் மலை மாதிரி இருக்கும். ஒரு யூனிட் (நூறு கன அடி) பிடிக்கிற டிராக்டரில் 26, 27 நடை. அதை ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர்கூட வராது. ஆனால் செம்மண், மணல் சாரிக்கு அந்த இரண்டு சென்டிமீட்டர் பெரிய வரம். ஈரம் நிற்கும். உங்கள் நிலம் ஏற்கெனவே கரிசல் என்றால், களிமண் மேல் களிமண் கொட்ட டீசலை வீணாக்காதீர்கள்.

அள்ளுவதற்கு முன் ஒரு பிடி மண்ணை நனைத்து உருட்டிப் பாருங்கள். நூல் மாதிரி திரிந்து வந்தால் கரம்பை, வயலுக்கு ஆகும். உதிர்ந்தால் அது சவுடு, வீட்டு அடித்தளத்துக்கு ஆகும். ஒரு அரைக் கிலோவை மண் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து உப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சில கண்மாய்களில் அடி மண் உவர். என் பக்கத்துத் தோட்டக்காரர் அதைப் பார்க்காமல் நாற்பது நடை கொட்டினார். இரண்டு வருடம் அந்த இடத்தில் எள்கூட ஒழுங்காக முளைக்கவில்லை.

சீமைக்கருவேலத்தை ஒரேயடியாக ஒழிக்க என்ன வழி? (இராமநாதபுரம் மாவட்ட வாசகி)

வேரோடு பிடுங்க வேண்டும், அந்த இடத்தை உடனே உழுது ஏதாவது போட வேண்டும். வெட்டி மட்டும் விட்டால் அடுத்த மழையில் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும். கண்மாய்க்குள் இருப்பதை நீங்களாக வெட்டாதீர்கள் அம்மா, அது அரசு சொத்து. ஏலம் விட வேண்டும் என்று ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள்.

முப்பதுக்கு முப்பது மீட்டர் பண்ணைக்குட்டை வெட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கு ஐந்து ஏக்கர் மானாவாரி. வெட்டினால் இடம் வீணாகும் என்கிறார் அப்பா. (கோவில்பட்டிப் பக்கத்து வாசகர்)

அப்பா சொல்வதில் கால்வாசி நியாயம் இருக்கிறது. முப்பதுக்கு முப்பது என்றால் 900 சதுர மீட்டர்; குட்டை மட்டும் 22 சென்ட், கரைக்குத் தனி.

காகிதத்தில் அதன் கொள்ளளவை 30, 30, 2 என்று பெருக்கி 18 லட்சம் லிட்டர் என்பார்கள். நானே அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் குட்டையைச் சுவர் மாதிரி செங்குத்தாக வெட்ட முடியாது, சரிந்துவிடும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் என்று சரிவு கொடுத்தால் அடி 24 மீட்டருக்குச் சுருங்கிவிடும். உண்மையில் பிடிப்பது பதினான்கரை லட்சம் லிட்டர் சொச்சம். ஒரு ஏக்கருக்கு ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் கட்ட இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். ஆவியாவது, கசிவது என்று பாதியைக் கழித்தாலும் ஒரு ஏக்கருக்கு மூன்று தண்ணீர் கிடைக்கும். உளுந்து பூக்கிற நேரத்தில் மழை ஏமாற்றினால் அந்த ஒரு தண்ணீர்தான் வீட்டுக்கு மூட்டையா வெறும் சாக்கா என்று தீர்மானிக்கும். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது மறுபக்கக் கணக்கு. ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் உங்கள் ஐந்து ஏக்கரில் விழுவது பத்து லட்சம் லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தால் இரண்டு லட்சம். ஒரே பருவத்தில் அப்படி ஏழு மழை பெய்தால்தான் குட்டை நிறையும். உங்கள் பக்கம் ஏழு பெய்யுமா? எனக்குத் தெரிந்த கோவில்பட்டியில் பெய்யாது. ஆகவே, மேட்டு நிலத்துக்காரர் தண்ணீரும் உங்கள் வழியாக வருகிறது என்றால் பெரிய குட்டை வெட்டுங்கள். இல்லையென்றால் இருபதுக்கு இருபது, ஒன்றரை மீட்டர் ஆழம் போதும் என்று கேளுங்கள். பத்து சென்ட்தான் போகும், நாலே முக்கால் லட்சம் லிட்டர் பிடிக்கும், மூன்று நல்ல மழைக்குள் நிறையும். "அளவு மாற்ற முடியாது, இதுதான் மாதிரி மதிப்பீடு" என்பார்கள். இரண்டு முறை கேளுங்கள். மூன்றாம் முறை எழுத்தில் கேளுங்கள்.

தண்ணீர் நுழைகிற வாயில் ஒரு மீட்டர் குழி ஒன்று தனியாக வேண்டும். மண் அதில் தங்கட்டும். வருடா வருடம் அதை அள்ளி மேட்டு வயலிலேயே போட்டுவிடுங்கள், அது உங்கள் மண்தான். கரிசலுக்குப் பிளாஸ்டிக் விரிப்பு தேவையில்லை. பிள்ளைகள் நடமாடுகிற இடமென்றால் வேலி கட்டாமல் வெட்டாதீர்கள்.

கிராம சபையில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து, மேட்டு நிலத்தில் மண் அரிப்பைத் தடுக்க வேண்டும் என்று கேட்டோம். "அது நம்ம வேலை இல்லம்மா, வேளாண் பொறியியல் துறையைப் போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள். அங்கே போனால் "ஊராட்சியில் தீர்மானம் போட்டு வாங்க" என்கிறார்கள். (திண்டுக்கல் மாவட்ட வாசகி)

படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த இரண்டாவது வசனத்தை நானே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பல தடவை சொல்லியிருக்கிறேன்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 11-வது அட்டவணையில் ஊராட்சிகளுக்கு என்று 29 பொருள்கள் இருக்கின்றன. முதலாவது வேளாண்மை. இரண்டாவதிலேயே நில மேம்பாடும் மண் பாதுகாப்பும் வருகிறது. மூன்றாவது சிறுபாசனம், நீர் மேலாண்மை, நீர்வடிப்பகுதி மேம்பாடு. குடிநீர், சாலை, மின்சாரமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே "நம்ம வேலை இல்லை" என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அதிகாரத்தை எவ்வளவு கொடுப்பது என்பதை மாநிலத்தின் கையில் விட்டுவிட்டார்கள். 1993-ல் இந்த அட்டவணையைச் சேர்த்த சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் ஊராட்சிக்கு வந்தது, பொறியாளர்கள் துறையிலேயே இருந்துகொண்டோம். அதனால்தான் உங்களைப் பந்தாடுகிறார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துக்கொள்வேன். முதலாம் பராந்தகன் காலம், 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஏரிக்கென்றே ஒரு வாரியம், ஆறு பேர், குடவோலையில் தேர்ந்தெடுத்து 360 நாள் பதவி. கணக்குக் காட்டாதவன் பெயரை மட்டுமல்ல, அவன் உறவினர் பெயரையும் ஓலையில் எழுதக்கூடாது. சரி, அந்தக் குடவோலையில் பெண்களுக்கு இடமில்லை, நிலமில்லாதவர்களுக்கும் இல்லை. அதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் எழுந்து நின்று கேட்டது அந்த வகையில் அதைவிட மேல்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், அன்றைக்கு இதைப் பேச மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. வாயால் கேட்காதீர்கள். எந்தப் புல எண், எத்தனை பேர் நிலம், ஓடை எங்கே அரிக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி, புல வரைபடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, நிலத்துக்காரர்கள் எல்லாருடைய கையெழுத்தும் வாங்கிக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை பக்கத்தில் நில்லுங்கள். நகல் வாங்குங்கள். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் இதுதான் வழி. அந்த நகலோடு போனால், துறையில் என்னைப் போல உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்ல வசனம் இருக்காது.

பக்கத்து மேட்டுக்கொல்லைக்காரர் வரப்பை உயர்த்திவிட்டார். மழையில் அது உடைந்து என் நிலத்தில் ஆள் இறங்குகிற அளவு வாரி (தண்ணீர் அரித்த பள்ளம்) விழுந்துவிட்டது. யார் மேல் தப்பு? (தருமபுரி மாவட்ட வாசகர்)

வரப்பு உயர்த்தியது தப்பில்லை. வழிந்து போக வாய் வைக்காததுதான் தப்பு. அவரைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டுங்கள், ஏனென்றால் என் முதல் வேலை உங்கள் மாவட்டத்தில்தான். 24 வயதில் நான் போட்ட வரப்புகளில் சிலவற்றுக்கு வாய் வைக்க மறந்தேன். மறந்தேன் என்பதுகூடப் பொய். கல் வரவில்லை, மாதக் கடைசி, அளவுப் புத்தகத்தை முடிக்கும் அவசரம். ஒரே ராத்திரி மழையில் மேல் வரப்பு உடைந்தது. அந்தத் தண்ணீர் அடுத்ததை உடைத்தது, அது அதற்கடுத்ததை. காலையில் போய்ப் பார்த்தால் ஆறு வரப்பும் ஒரே நேர்க்கோட்டில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன.

அவரோடு உட்கார்ந்து பேசி, தாழ்வான மூலையில் இரண்டடி அகலத்துக்குக் கல் பாவிய ஒரு வாய் வைக்கச் சொல்லுங்கள். அதன் தண்ணீர் உங்கள் நிலத்தில் விழுகிற இடத்திலும் கல் வேண்டும். விழுந்த வாரியை மண் போட்டு மூடாதீர்கள், அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போகும். பத்துப் பதினைந்தடிக்கு ஒன்றாகக் குறுக்கே தளர்கல் தடுப்பு வையுங்கள். ஓரத்தைவிட நடு தாழ்ந்திருக்க வேண்டும். மேலேயிருந்து கீழே என்ற வரிசையில் வையுங்கள். இரண்டு மூன்று மழைக்காலத்தில் வாரி தானே மேடிடும்.

வயலில் வெள்ளைப் பொடி பூக்கிறது. ஜிப்சம் போட்டால் சரியாகுமா? (திருச்சி மாவட்ட வாசகர்)

களரா (காரத்தன்மை ஏறிய மண்) உவரா (உப்பு ஏறிய மண்) என்று பார்க்காமல் போடாதீர்கள். மண்ணைச் சோதியுங்கள். பி.எச். எட்டரைக்கு மேல் போயிருந்தால் களர். அதற்கு ஜிப்சம் சரி. உவர் என்றால் ஜிப்சத்தால் பயனில்லை, நல்ல தண்ணீர் கட்டி உப்பைக் கழுவி வடிக்க வேண்டும். எதுவானாலும் வடிகால் வேண்டும். வடிகால் தூர்ந்து கிடந்தால் போட்ட பணம் அங்கேயே நிற்கும். அதுவரை திருச்சி 1 மாதிரி உப்பைத் தாங்குகிற நெல்லைப் போடுங்கள்.

ஐயா, நீங்கள் வேலையில் இருந்தபோது செய்த தடுப்பணை, வரப்பெல்லாம் இப்போதும் இருக்கிறதா? திரும்பிப் போய்ப் பார்த்ததுண்டா? (மதுரை கல்லூரி மாணவி)

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் தருமபுரி போனேன். சாப்பிட்டுவிட்டு மருமகனின் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் ரொம்பப் பெருமைப்பட்ட தடுப்பணை ஒன்று இருந்தது. அது அப்படியே இருக்கிறது. ஓடைதான் இல்லை. பக்கவாட்டுக் கரையைச் சரியாகக் கட்டாததால், தண்ணீர் அணையைச் சுற்றிக்கொண்டு புது வழி பண்ணிப் போய்விட்டது. அணை தனியாகப் புஞ்சைக்கு நடுவே நிற்கிறது, ஆட்டுக்காரர்கள் உட்கார வசதியாக. கல்வெட்டில் மதிப்பீட்டுத் தொகை மட்டும் நன்றாகத் தெரிகிறது.

உடைந்த அந்த ஆறு வரப்பைப் பிறகு வாய் வைத்துக் கட்டியிருந்தோம், அங்கேயும் போனேன். நாலு வரப்பு உழவில் கரைந்துபோய் அடையாளம் மட்டும் இருக்கிறது. இரண்டு முழுசாக இருக்கின்றன. அந்த நிலத்துக்காரம்மா வரப்பு முழுக்க ஆமணக்கும் கொழுக்கட்டைப் புல்லும் போட்டிருக்கிறார். "புல்லு மாட்டுக்கு, முத்து எண்ணெய்க்கு. வரப்ப நான் ஏன் ஒடைக்கறேன்?" என்றார். என்னை அடையாளம் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. வரப்புக்கு மேல்பக்கம் இறங்கி நின்று பார்த்தேன். கட்டின நாளில் இடுப்பளவு இருந்த வரப்பு, மண் சேர்ந்து சேர்ந்து இப்போது முழங்காலுக்குத்தான் இருந்தது.